அனலாக் வீடியோ கனெக்டர்களும் அவற்றில் ஓடும் சிக்னலும்: புதிதாக இணைப்பவர்களுக்கு

பழைய விசிஆர், கேம்கார்டர், வீடியோ கேம் பெட்டி, டிவிடி பிளேயர், கண்காணிப்பு கேமரா என எதை எடுத்து டிவியில் மாட்டப் போனாலும் முதல் தடுமாற்றம் ஒன்றுதான்: ப்ளக் பொருந்துகிறது, படம் வரவில்லை. கனெக்டர் வேறு, அதில் ஓடும் சிக்னல் வேறு. வட்டமான ஆர்சிஏ சாக்கெட் காம்போசிட் வீடியோவையும் (ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில்) சுமக்கும், காம்போனென்டில் (மூன்று கம்பிகளாகப் பிரித்தது) ஒரு பங்கையும் சுமக்கும், ஆடியோவையும் சுமக்கும், டிஜிட்டல் ஆடியோவையும் சுமக்கும். திருகிப் பூட்டும் பிஎன்சியில் காம்போசிட், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில்), எச்டி சிசிடிவி சிக்னல், ஸ்டூடியோக்களின் எஸ்டிஐ என்ற டிஜிட்டல் சிக்னல், எது வேண்டுமானாலும் ஓடலாம். எனவே கேபிளைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். என்ன வகை சிக்னல்? விநாடிக்கு எத்தனை வரிகள்? நிறத்தைச் சிக்னலில் ஏற்றும் முறை (நாட்டுக்கு நாடு மாறும்) பாலா, என்டிஎஸ்சியா, செக்காமா? மூன்றும் இரு பக்கமும் ஒத்துப்போனால்தான் படம்.

ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது

திரையில் படம் மேலிருந்து கீழாக வரிவரியாக வரையப்படுகிறது. பால் முறையில் 625 வரிகள், விநாடிக்கு 25 முழுப் படங்கள் (ஒவ்வொன்றும் ஒன்றுவிட்ட வரிகளாக இரண்டு பாதிகளில் வரும், ஆக 50 பாதிகள்). அதாவது விநாடிக்கு 15,625 வரிகள், ஒரு வரிக்கு 64 மைக்ரோவிநாடி. என்டிஎஸ்சியில் 525 வரிகள், விநாடிக்கு 29.97 படங்கள், சுமார் 15,734 வரிகள். இரண்டையும் பொதுவாக '15 கிலோஹெர்ட்ஸ் வீடியோ' என்பார்கள். இந்த எண்ணை மனத்தில் வையுங்கள், விஜிஏ பக்கம் போகும்போது தேவைப்படும்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் மின்னழுத்தம் கருப்பு மட்டத்திலிருந்து சுமார் 0.3 வோல்ட் கீழே இறங்கும். இதுதான் சிங்க் எனப்படும் ஒத்திசைவுத் துடிப்பு. 'புது வரி ஆரம்பம்' என்று டிவிக்குச் சொல்வது இதுவே. பாலில் இதன் நீளம் 4.7 மைக்ரோவிநாடி. அதை அடுத்து நிறத்தைச் சுமக்கும் துணை அலையின் சின்னத் துணுக்கு ஒன்று வரும். அதற்குப் பெயர் பர்ஸ்ட். பாலில் ஏறக்குறைய 10 சுற்றுகள், என்டிஎஸ்சியில் 9. இதைப் பார்த்துத்தான் டிவி தன் நிறக் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. பிறகு படம்: கருப்பு 0 வோல்ட், முழு வெள்ளை 0.7 வோல்ட். சிங்கின் அடியிலிருந்து வெள்ளையின் உச்சி வரை மொத்தம் 1 வோல்ட். படம் உருண்டால் சிங்கில் கோளாறு, நிறம் மட்டும் போனால் பர்ஸ்டிலோ நிற அலையிலோ கோளாறு, எல்லாமே மங்கினால் மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. பாதிப் பழுதுகளை இந்த ஒரு வரியை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

75 ஓம் ஏன் இவ்வளவு முக்கியம்

வீடியோ வெளியீடு ஒவ்வொன்றிலும் உள்ளே 75 ஓம் மின்தடை தொடராக இருக்கும். கேபிளின் தன்மை மின்மறுப்பு 75 ஓம். டிவியின் உள்ளீட்டில் 75 ஓம் மின்தடை கிரவுண்டுக்குப் போகும். உள்ளே 2 வோல்ட்டில் புறப்படும் சிக்னல் இரண்டு 75 ஓம்களுக்கிடையே பாதியாகப் பிரிந்து, டிவியின் வாயில் 1 வோல்ட்டாக நிற்கும். முறையான இணைப்பு இதுதான்.

ஒரே வெளியீட்டை ஒய் கேபிள் போட்டு இரண்டு டிவிக்குப் பிரித்தால் சுமை 37.5 ஓம் ஆகிவிடும். அப்போது ஒவ்வொன்றுக்கும் போவது 0.67 வோல்ட்தான். படம் இருண்டு போகும்; சில டிவிகள் சிங்கையே தவறவிடும். மாறாக, உள்ளீட்டில் 75 ஓம் சுமையே இல்லாவிட்டால் 2 வோல்ட் வந்து வெள்ளை வெளுத்துப்போகும், கேபிளின் முனையில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும்.

எனவே இரண்டு டிவிக்கு வேண்டுமென்றால் வீடியோ டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர் வாங்குங்கள். பிஎன்சி மானிட்டர்களில் 'உள்' 'வெளி' என்று இரண்டு சாக்கெட்டுகள் இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொடராக எடுத்துச் செல்லலாம். அப்போது கடைசி மானிட்டரில் மட்டும் 75 ஓம் சுவிட்சைப் போட வேண்டும், இடையில் உள்ளவற்றில் அணைத்துவைக்க வேண்டும்.

உங்கள் டிவியின் உள்ளீட்டில் சுமை இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. டிவியை அணைத்து, மின்ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து மஞ்சள் சாக்கெட்டின் நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் இடையே அளவிடுங்கள். பல டிவிகளில் 75-ஐ ஒட்டிய எண் தெரியும். சிலவற்றில் சுமைக்கு முன்பே கெபாசிட்டர் இருப்பதால் எண் வராது, அது பழுதல்ல.

ஆர்எஃப்: ஆன்டெனா வழி

இருப்பதிலேயே மட்டமான படம் இதில்தான். படம், நிறம், ஒலி மூன்றையும் ஒரு சேனல் அலையில் ஏற்றி அனுப்பி, டிவி மறுபடி அதைப் பிரிக்க வேண்டும். வேறு வெளியீடே இல்லாத கருவிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். என்டிஎஸ்சிக் கருவிகள் பெரும்பாலும் சேனல் 3 அல்லது 4-ல் அனுப்பும், ஐரோப்பியக் கருவிகள் யுஎச்எஃப் 36-ஐ ஒட்டி அனுப்பும். டிவியில் அனலாக் டியூனர் இருந்தால்தான் பிடிக்கும். டிஜிட்டல் டியூனர் மட்டும் உள்ள புது டிவியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

படம் தெளிவாக வந்து ஒலியில் வெறும் இரைச்சல் கேட்டால் ஒலி அலையின் தூரம் பொருந்தவில்லை என்று பொருள். நாட்டுக்கு நாடு மாறும் ஒளிபரப்பு முறைகளில், படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி பி/ஜி முறையில் 5.5 மெகாஹெர்ட்ஸ், ஐ முறையில் 6.0, டி/கே முறையில் 6.5, எம் முறையில் 4.5. டிவியின் டியூனிங் பட்டியலில் ஒலி முறையை மாற்றிப் பாருங்கள்.

காம்போசிட்: மஞ்சள் ஆர்சிஏ

மஞ்சள் படம், வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில். பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸிலும் என்டிஎஸ்சியில் 3.58 மெகாஹெர்ட்ஸிலும் உள்ள துணை அலை நிறத்தைச் சுமக்கிறது. அதே அலைவரிசையில்தான் படத்தின் நுண்ணிய விவரங்களும் இருக்கின்றன; எது நிறம், எது விவரம் என்று டிவி ஊகித்துத்தான் பிரிக்கிறது. அந்த ஊகம் தவறும்போது நெருக்கமான கோடு போட்ட சட்டையில் வானவில் ஓடும், நிற ஓரங்களில் புள்ளிகள் ஊர்ந்துபோகும். கேபிளை மாற்றினால் இவை போகா. முறையிலேயே உள்ள குறை இது. தப்பிக்க வேண்டுமானால் எஸ்-வீடியோவுக்கோ அதற்கு மேலோ போக வேண்டும்.

இன்றைய டிவிகள் பலவற்றில் மஞ்சளுக்குத் தனி சாக்கெட் கிடையாது. பச்சை சாக்கெட்டைச் சுற்றி மஞ்சள் வளையமோ 'வீடியோ' என்ற எழுத்தோ இருக்கும். மஞ்சள் ப்ளக்கை அதில் மாட்டிவிட்டு, டிவி பட்டியலில் 'ஏவி' அல்லது 'காம்போசிட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'காம்போனென்ட்' என்றே விட்டுவிட்டால் படம் கருப்புவெள்ளையில், மேலே பொடிப்பொடியாக வலைப்பின்னல் போட்டதுபோல் வரும்.

சின்னக் கேமராக்களிலும் சிறு கம்ப்யூட்டர்களிலும் 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் நான்கு வளையங்களாக ஒலியும் காம்போசிட்டும் வரும். இதில் எல்லோருக்கும் பொதுவான வரிசை கிடையாது. ராஸ்பெரி பையில் நுனி இடது, அடுத்தது வலது, அடுத்தது கிரவுண்டு, கடைசி வளையம் வீடியோ. பல கேம்கார்டர்களில் வீடியோ வேறு வளையத்தில். தவறான கேபிளைப் போட்டால் திரை இருண்டு ஒலிபெருக்கி உறுமும். முதலில் சிவப்பையும் வெள்ளையையும் மாறி மாறி மஞ்சள் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள், பல நேரம் அதிலேயே படம் வந்துவிடும். கிரவுண்டே இடம் மாறியிருந்தால் எப்படி மாற்றினாலும் வராது. சரியான கேபிள்தான் வழி.

எஸ்-வீடியோ

ஒளிர்வும் நிறமும் இரண்டு தனிக் கம்பிகளில் போகின்றன. கனெக்டர் 4 பின் மினி-டின். 1987-ல் விஎச்எஸ் டேப்பின் மேம்பட்ட வடிவமான எஸ்-விஎச்எஸ் வந்தபோது பரவியது. பின் 1, 2 இரண்டும் கிரவுண்டு, 3 ஒளிர்வு, 4 நிறம். பின்கள் மெல்லியவை. ப்ளக்கில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும், அதை சாக்கெட்டின் பள்ளத்துக்கு நேராக வைத்து அழுத்துங்கள். இருட்டில் திருகித் திருகித் தேடினால் பின் வளையும். ஒலி இதில் வராது, சிவப்பு வெள்ளைக் கேபிள் தனியாக வேண்டும்.

படம் கூர்மையாக, ஆனால் கருப்புவெள்ளையில் மட்டும் வந்தால் பின் 4-ன் தொடர்பு போயிருக்கிறது. அல்லது டிவி உள்ளீடு காம்போசிட் என்று அமைந்திருக்கிறது.

விஎச்எஸ் டேப்பில் நிறமும் ஒளிர்வும் தனித்தனியாகவே பதிவாகின்றன. அவற்றைக் காம்போசிட்டாகக் கலந்து, டிவியில் மீண்டும் பிரிப்பது வீண் சேதம். டேப்புகளை டிஜிட்டலாக்க எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்-விஎச்எஸ் டெக்கை (டேப் ஓட்டும் கருவியை) தேடிப் பிடிப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

காம்போனென்ட்: பச்சை, நீலம், சிவப்பு

மூன்று ஆர்சிஏ. பச்சையில் ஒய்: ஒளிர்வும் சிங்கும் சேர்ந்து 1 வோல்ட். நீலத்தில் பிபி: நீலத்துக்கும் ஒளிர்வுக்கும் உள்ள வித்தியாசம். சிவப்பில் பிஆர்: சிவப்புக்கும் ஒளிர்வுக்கும் உள்ள வித்தியாசம். பின்னிரண்டும் 0.7 வோல்ட், பூஜ்யத்துக்கு மேலும் கீழும் பாதிப் பாதி. பச்சை நிறத்தை டிவியே கணக்கிட்டு எடுத்துக்கொள்கிறது. ப்ளக்குகளின் நிறத்தைப் பார்த்து இதை ஆர்ஜிபி என்று நினைப்பவர்கள் ஏராளம். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றின் சாக்கெட்டில் மற்றதை மாட்டினால் பச்சையோ ஊதாவோ பூசிய படம்தான் வரும்.

இதே கேபிளில் 480, 576 வரி சாதாரணப் படத்திலிருந்து 720, 1080 வரி எச்டி வரை போகும். அனலாக் வகைகளில் டிவிடிக்கு இதுவே சிறந்த தேர்வு.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு சிவப்பு ப்ளக்கில்தான். ஐந்து முனைக் கேபிளில் இரண்டு சிவப்பு: ஒன்று பிஆர், மற்றது வலது ஒலி. இரண்டையும் மாற்றிச் செருகினால் படத்தில் சிவப்பு காணாமல் போய்ப் பச்சை ஏறும், வலது ஒலிபெருக்கி ரீங்கரிக்கும். கேபிளில் எந்தச் சிவப்பு பச்சை நீலத்தோடு ஒட்டி வருகிறதோ அதுதான் பிஆர். நீலமும் சிவப்பும் இடம் மாறினால் முகங்கள் நீலம் பாய்ந்து தெரியும். பச்சை கழன்றால் சிங்க் போய்விடுவதால் ஒன்றுமே வராது.

மூன்று கேபிள்களும் ஒரே நீளமாக இருக்க வேண்டுமா? சாதாரணக் கேபிளில் சிக்னல் ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 நானோவிநாடி எடுக்கும். எச்டியில் ஒரு புள்ளியின் நேரம் 13.5 நானோவிநாடி. ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கே புள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான் நகரும். சில சென்டிமீட்டர்களுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஸ்கார்ட்

பிரான்ஸில் தோன்றி ஐரோப்பா முழுக்கப் பரவிய 21 பின் அகலக் கனெக்டர். ஒரே சாக்கெட்டில் காம்போசிட், எஸ்-வீடியோ, ஆர்ஜிபி, ஸ்டீரியோ ஒலி, டிவியைத் தானாக மாற்றும் மின்னழுத்தங்கள் எல்லாம் உண்டு. குழப்பமும் அதனால்தான்.

தெரிந்துகொள்ள வேண்டிய பின்கள்: 20 வீடியோ உள்ளே, 19 வீடியோ வெளியே, 15 சிவப்பு, 11 பச்சை, 7 நீலம், 2 வலது ஒலி உள்ளே, 6 இடது ஒலி உள்ளே. பின் 8-ல் 9.5 முதல் 12 வோல்ட் வந்தால் டிவி தானாக ஸ்கார்ட்டுக்கு மாறும், 4.5 முதல் 7 வோல்ட் வந்தால் அகலத் திரை வடிவில் மாறும். பின் 16-ல் 1 முதல் 3 வோல்ட் இருந்தால்தான் டிவி ஆர்ஜிபியை எடுத்துக்கொள்ளும், 0.4-க்குக் கீழ் இருந்தால் காம்போசிட்டைக் காட்டும். ஆர்ஜிபி கேபிள் போட்டும் படத்தில் புள்ளிகள் ஊர்ந்தால் பின் 16-ல் மின்னழுத்தம் வரவில்லை, டிவி காம்போசிட்டைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

கருவி எஸ்-வீடியோ அனுப்ப, டிவி காம்போசிட் எதிர்பார்த்தால் கருப்புவெள்ளை வரும். எஸ்-வீடியோவின் நிறம் பின் 15 வழியாக வருகிறது, காம்போசிட் நிலையில் டிவி அதைக் கண்டுகொள்வதில்லை. பட்டியலில் மாற்றினால் போதும்.

வாங்கும்போது 21 கம்பிகளும் இணைக்கப்பட்டதா, ஒவ்வொரு வீடியோக் கம்பிக்கும் தனிக் கவசம் உண்டா என்று கேளுங்கள். கவசமில்லாத மலிவுக் கேபிளில் வீடியோ ஒலிக்குள் கசியும். வெள்ளைத் திரை வரும்போதெல்லாம் ஒலிபெருக்கி 'ர்ர்ர்' என்று இரையும். ஜப்பானிய 21 பின் ஆர்ஜிபி கேபிள் பார்வைக்கு அச்சாக இதேபோல இருக்கும், பின் வரிசை முற்றிலும் வேறு. அதை ஐரோப்பிய ஸ்கார்ட்டில் செருகினால் கருவி சேதமாகலாம். எது என்று உறுதியாகத் தெரியாமல் மாட்டவே மாட்டாதீர்கள்.

விஜிஏ, அதன் உறவான டிவிஐ

1987-ல் ஐபிஎம் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு வந்தது. மூன்று வரிசையில் 15 பின்கள். பின் 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம், ஒவ்வொன்றும் 0.7 வோல்ட், 75 ஓம். 13 கிடைமட்ட சிங்க், 14 செங்குத்து சிங்க். இவை டிஜிட்டல் சிப்பின் மட்டத்தில், சுமார் 5 வோல்ட். 12, 15 இரண்டும் மானிட்டர் தன் திறனைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் வழி. பின் 9 பல கேபிள்களில் இருக்காது. உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

அடிப்படையான 640×480 காட்சிக்கே விநாடிக்கு 31,469 வரிகள். பழைய வீடியோ கேம் பெட்டி தருவது 15 கிலோஹெர்ட்ஸ். பெரும்பாலான விஜிஏ மானிட்டர்கள் அவ்வளவு மெதுவான சிக்னலை ஏற்காமல் 'வரம்புக்கு வெளியே' என்று காட்டும். கேபிளை எப்படி வளைத்துச் செய்தாலும் இதை மாற்ற முடியாது. வரியை இரட்டிப்பாக்கும் கருவி வேண்டும்.

எதிர்த்திசையில் இன்னொரு ஆபத்து. 5 வோல்ட் சிங்கை நேரே டிவியின் 75 ஓம் வீடியோ உள்ளீட்டில் கொடுக்கக் கூடாது. தொடராக 470 ஓம் போட்டால் டிவியின் வாயில் ஏறக்குறைய 0.7 வோல்ட் ஆகும், அது சிங்குக்குப் போதும். டிவி கேட்பது கிடைமட்டமும் செங்குத்தும் கலந்த ஒரே சிங்க் என்பதால் இரண்டையும் சேர்க்கும் சுற்றும் வேண்டும், கம்ப்யூட்டரும் 15 கிலோஹெர்ட்ஸ் தர வேண்டும்.

விஜிஏயில் ஒரு நிறம் மட்டும் போனால் முதலில் ப்ளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை 1, 2, 3-ல் ஏதோ ஒரு பின் படுத்திருக்கும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் மெதுவாக நிமிர்த்துங்கள், முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். எழுத்துகள் கலங்கித் தெரிந்தால், ஓரம் வரை வெளிச்சமான ஒரு படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு மானிட்டரின் 'ஆட்டோ அட்ஜஸ்ட்' பொத்தானை அழுத்துங்கள். கருந்திரையில் அழுத்தினால் ஓரம் எங்கே என்று மானிட்டருக்குத் தெரியாது, தவறாக அமைத்துவிடும். தெளிவுத்திறன் குறைவாக மட்டுமே தேர்ந்தெடுக்க முடிந்தால் 12, 15 இணைப்பு அறுந்திருக்கலாம்.

டிவிஐ-ஐ சாக்கெட்டில் தட்டையான பிளேடின் மேலும் கீழும் நான்கு சிறு துளைகள் இருக்கும். அவற்றில் அனலாக் ஓடுகிறது, சாதாரண அடாப்டர் போட்டால் விஜிஏ கிடைக்கும். துளைகள் இல்லாதது டிவிஐ-டி, அதில் அனலாக்கே இல்லை. எச்டிஎம்ஐயிலும் அனலாக் கிடையாது. மின்சாரம் தேவைப்படாத, வெறும் கம்பியாலான 'எச்டிஎம்ஐ–ஆர்சிஏ' கேபிள் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. அது வேலை செய்யாது, வாங்காதீர்கள்.

எந்த மாற்றம் வெறும் கேபிளால் முடியும்

எஸ்-வீடியோவிலிருந்து காம்போசிட் முடியும்: ஒளிர்வை நேராகவும் நிறத்தை 470 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் வழியாகவும் சேர்த்தால் போதும். அதன் எதிர்த்திசை முடியாது, பிரிக்கும் சுற்று வேண்டும். ஸ்கார்ட்டிலிருந்து காம்போசிட்டும் ஒலியும் எடுக்கலாம்; அடாப்டரில் 'உள்' 'வெளி' சுவிட்ச் இருந்தால் திசையைச் சரியாகத் தள்ளுங்கள், படம் வராததற்கு அதுவே பெரும்பாலும் காரணம். காம்போனென்டிலிருந்து ஆர்ஜிபி, காம்போசிட்டிலிருந்து காம்போனென்ட், பாலிலிருந்து என்டிஎஸ்சி ஆகிய மூன்றுக்கும் மின்சாரத்தில் இயங்கும் மாற்றி தேவை. சில புரொஜெக்டர்கள் தங்கள் விஜிஏ சாக்கெட்டிலேயே காம்போனென்டை ஏற்கும். அங்கே மூன்று ஆர்சிஏ கொண்ட சாதாரணக் கேபிள் போதும், பட்டியலில் உள்ளீட்டு வகையை மட்டும் மாற்ற வேண்டும்.

ஆர்சிஏ வீடியோக் கேபிள் செய்வது

தேவை: ஆர்ஜி-59 எனப்படும் 75 ஓம் கேபிள், சால்டர் செய்யும் ஆர்சிஏ ப்ளக் இரண்டு, 30 முதல் 40 வாட் சால்டரிங் அயர்ன், கூரிய கத்தி, மல்டிமீட்டர். நடுக்கம்பி முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய எஃகு கம்பி கேபிள் டிவி அலைவரிசைக்குப் பரவாயில்லை, ஏனென்றால் அங்கே மின்னோட்டம் மேற்பரப்பில்தான் ஓடும். வீடியோவின் தாழ் அலைவரிசைகளோ கம்பியின் முழுத் தடிமனையும் பயன்படுத்தும், எஃகின் மின்தடை நீளமான கேபிளில் சிக்னலைத் தின்றுவிடும்.

1. ப்ளக்கின் பின் மூடியை முதலில் கேபிளில் கோத்துவிடுங்கள். சால்டர் முடிந்த பிறகு மூடி மேசையிலேயே கிடந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

2. வெளி உறையைச் சுமார் 12 மில்லிமீட்டர் நீக்குங்கள். கத்தியை ஆழமாக அழுத்தாமல் சுற்றி ஒரு கீறல் போட்டு, கேபிளை வளைத்தால் உறை தானாக விரியும். உள்ளே கவசமாகப் பின்னிய மெஷ் கம்பிகள் வெட்டுப்படக் கூடாது.

3. மெஷ்ஷைப் பிரித்து ஒரு பக்கமாக முறுக்குங்கள். ஒரு இழைகூட நடுக்கம்பியின் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

4. நடுக்கம்பியின் வெள்ளைக் காப்பை 4 முதல் 5 மில்லிமீட்டர் நீக்கி, கம்பிக்கு ஈயம் பூசுங்கள். ப்ளக்கின் நடுமுனைக்கும் தனியாகப் பூசுங்கள்.

5. இரண்டையும் சேர்த்துச் சூடாக்குங்கள். ஈயம் ஓடியதும் அயர்னை எடுத்துவிடுங்கள், இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். நுரைக் காப்பு சூட்டில் இளகினால் நடுக்கம்பி ஓரமாக நகர்ந்து மெஷ்ஷைத் தொடும். அன்று சரியாக இருக்கும் கேபிள் சில மாதம் கழித்து ஷார்ட் ஆவதற்கு இதுதான் காரணம்.

6. மெஷ்ஷைக் கிரவுண்டு தகட்டில் சால்டர் செய்து, தகட்டின் கவ்விகளை வெளி உறை மேல் மடக்குங்கள். இழுவிசை உறையில் விழ வேண்டும், சால்டரில் அல்ல.

7. அளவிடுங்கள்: நடுமுனைக்கும் மறு நடுமுனைக்கும் ஏறக்குறைய 0 ஓம், நடுமுனைக்கும் வெளிவளையத்துக்கும் தொடர்பே இல்லை. அளவிடும்போதே இரு முனைகளையும் அசைத்துப் பாருங்கள்.

பிஎன்சிக்கு கிரிம்ப் வகை (கருவியால் நசுக்கிப் பொருத்தும்) ப்ளக் நல்லது. ஆனால் ஆர்ஜி-59-க்கும் ஆர்ஜி-6-க்கும் ப்ளக் அளவு வேறு. மாற்றி வாங்கினால் கையால் இழுத்தாலே கழன்றுவரும். 50 ஓம் பிஎன்சி ப்ளக் கிடைத்தால்? சாதாரணக் காம்போசிட்டில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கேபிள் மட்டும் கட்டாயம் 75 ஓம்தான்.

படம் கெட்டுவந்தால்

பொருளுக்கு வலப்பக்கம் மங்கலான நிழல் தெரிந்தால் எதிரொலிப்பு. எங்கோ 75 ஓம் சுமை இல்லை, அல்லது இடையில் வேறு வகைக் கேபிள் சேர்ந்திருக்கிறது. படம் மேலும் கீழும் ஓடினால் செங்குத்து அதிர்வெண் பொருந்தவில்லை. 50 ஹெர்ட்ஸ் கருவியை 60 மட்டுமே ஏற்கும் டிவியில் மாட்டியிருக்கலாம். படம் நிலையாக நின்று நிறம் மட்டும் இல்லையென்றால் நிற முறையை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து பால், என்டிஎஸ்சி, செக்காம் என ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிரேசிலின் பால்-எம் போன்ற முறைகள் 525 வரியில் பால் நிறம் கொண்டவை. அவற்றைப் பல டிவிகள் தெரிந்துகொள்ளாது.

அகலமான இருண்ட பட்டை ஒன்று திரையில் மெல்ல மேலே ஏறிப்போனால் கிரவுண்டு லூப். இரு கருவிகள் வெவ்வேறு எர்த்தில் இருக்க, கேபிளின் கவசம் வழியாக மின்னோட்டம் ஓடுகிறது. முதலில் எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டுங்கள். பிறகு கேபிள் டிவி ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள், பட்டை அப்போது மறைந்தால் குற்றவாளி அதுதான். தீராவிட்டால் வீடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். மின்ப்ளக்கின் எர்த் பின்னை உடைப்பதோ டேப் ஒட்டுவதோ கூடவே கூடாது. பட்டை போகும், உயிருக்கு இருக்கும் காப்பும் சேர்ந்து போகும். அதேபோல், ஏவி உள்ளீடே இல்லாத பழைய டிவியைத் திறந்து சாக்கெட் பொருத்த முயலாதீர்கள். அவற்றில் சிலவற்றின் உலோகச் சட்டமே மெயின்ஸோடு இணைந்திருக்கும்.

வாங்கிய சினிமா டேப்பில் வெளிச்சம் சில விநாடிக்கொருமுறை ஏறி இறங்கினால் அது காப்பித் தடுப்பு. பிளேயருக்கும் டிவிக்கும் நடுவே விசிஆரை வைக்காமல் நேரே இணைத்தால் சரியாகும்.

டிஜிட்டலாக்குபவர்களுக்கு

காம்போசிட்டை எச்டிஎம்ஐ ஆக்கும் சின்னப் பெட்டியை இடையில் வைத்து, அதன் வெளியீட்டைப் பதிவு செய்யாதீர்கள். அந்தப் பெட்டி படத்தின் இரண்டு பாதிகளையும் தன் போக்கில் கலந்து, பெரிதாக்கி அனுப்பிவிடும்; போன விவரம் திரும்பாது. அனலாக் உள்ளீடு நேராக உள்ள கேப்சர் கருவியை (வீடியோவைக் கம்ப்யூட்டரில் பதியும் கருவி) எடுத்து, பாலுக்கு 720×576, என்டிஎஸ்சிக்கு 720×480 என்று, இன்டர்லேஸாகவே, அதாவது இரண்டு பாதிகளையும் கலக்காமலே, பதியுங்கள். பின்னர் மென்பொருளில் நிதானமாகப் பிரிக்கலாம். அசைவுகள் முன்னும் பின்னும் துள்ளினால் பாதிகளின் வரிசை தலைகீழாக அமைந்திருக்கிறது. மென்பொருளில் அதை மட்டும் மாற்றினால் போதும்.

டேப்பின் மேல்வரிகள் கொடிபோல் ஒரு பக்கம் சாய்ந்தால், அல்லது ஒலியும் படமும் மெல்ல மெல்ல விலகினால், டேப்பின் வரி நேரம் ஆடுகிறது. கேப்சர் கருவி படங்களைத் தவறவிடுகிறது. டெக்கில் டிபிசி எனப்படும் நேரத் திருத்தி இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் தனியாக ஒன்றை டெக்குக்கும் கேப்சருக்கும் இடையே சேருங்கள். நெடுங்காலம் கிடந்த டேப்பை ஓட்டும் முன் ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள், இழுவிசை சீராகும். பூஞ்சை வெண்பொடியாகத் தெரிந்தால் அந்த டேப்பைச் சுத்தம் செய்யும்வரை எந்த டெக்கிலும் போடாதீர்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டால் அடுத்து வரும் நல்ல டேப்புகளுக்கும் பரவும்.